எடுத்துக்கலாம் அக்கா

அந்தக் குடை இப்போது யார் வீட்டில் தொங்குகிறதோ தெரியாது. ஆனால் திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் அதைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறோம். கறுப்புத் துணியில் வெள்ளை பெயிண்டால் குண்டு குண்டாக எழுதியிருக்கும்: ‘எடுத்துக்கலாம். மழை விட்டதும் திருப்பி மாட்டணும்.’ என் ஜெராக்ஸ் கடைக்கு எதிர்வீட்டு கேட்டில்தான் அது தொங்கும். மழை வந்தால் போகும், வெயில் வந்தால் திரும்பும். ஒருமுறை கம்பி ஒடிந்து போன குடை, கம்பி கட்டித் திரும்பி வந்தது. கட்டியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. குடையின் சொந்தக்காரரான, அந்த வீட்டு மாடியில் குடியிருந்த அக்கா ரோட்டைத் தாண்டி ஓடிவந்து, என் கவுண்டர்மேல் அதை விரித்துக் காட்டி, “பாருங்க தம்பி, போனதவிட நல்லா வந்திருக்கு!” என்று குதித்த குதியில் நான் அடுக்கி வைத்திருந்த பேப்பர் கட்டு சரிந்து விழுந்தது.

தெருவில் அவருக்கு ‘எடுத்துக்கலாம் அக்கா’ என்று பெயர். வைத்தவன் நான்தான். கேலியாக வைத்தேன், நிலைத்துவிட்டது.

எதன்மேலும் எழுதி ஒட்டுகிற கை அவருடையது. மாடிப்படி ஓரத்தில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் ‘பறிக்கலாம். கிளையை ஒடிக்கக் கூடாது’ என்று ஒரு அட்டை. வாசலில் கிடந்த சைக்கிள் பம்பில் ‘அடிக்கலாம். எடுத்துப் போகக் கூடாது’ என்று ஒன்று. கீழ்வீட்டு ஓனரம்மாவுக்குச் சாம்பார் கொடுத்தனுப்பினால் தூக்குவாளி மூடியில்கூட ஒரு சீட்டு இருக்கும்: ‘சாப்பிடலாம். மாத்திச் செஞ்சா எனக்கும் ஒரு கரண்டி.’ முதல் தடவை ஓனரம்மாவுக்குக் கோபம். “நான் என்ன இவகிட்ட கேட்டுட்டா சாப்புடணும்? குடுத்தா குடுக்கணும், இது என்ன சட்டம் பேசுறது!” என்று என்னிடம் வந்து குமுறினார். அப்புறம் அதே சாம்பாரில் வடகத்தை வறுத்துப் போட்டுச் செய்து பார்த்திருக்கிறார். மறுநாள் மாடிக்கு ஒரு கரண்டி போனது. அதற்கடுத்த வாரம் அக்கா வீட்டுச் சாம்பாரிலும் வடகம் மிதந்தது. இருவரும் இதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் எடுத்துக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் காப்பி குடிக்கிற டம்ளரில் ‘எனக்கு மட்டும்’ என்று கொட்டையாக எழுதியிருப்பார். அதை ஒருநாள் நான் தெரியாமல் எடுத்துத் தண்ணீர் குடித்துவிட, “எழுதியிருக்குல்ல தம்பி? கண்ணு எங்கிட்டு இருக்கு?” என்று கேட்டே விட்டார்.

“ஏங்க்கா இப்படி எல்லாத்துலயும் எழுதுறீங்க? பாத்தா தெரியாதா?” என்றேன்.

“எப்படித் தெரியும்? வாயத் தொறந்து சொல்லணும் தம்பி. நான் மனசுல நெனச்சா ஒங்களுக்கு எப்படிக் கேக்கும்?”

வாயைத் திறந்து சொல்லணும் என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று கணக்கே கிடையாது.

அவர் வேலையைச் சொல்லாமல் விட்டால் இது ஏதோ பொழுதுபோகாதவர் செய்கிற காரியம் என்று தோன்றிவிடும். அவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே சர்க்யூட் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கருவியைத் திறந்தாலும் உள்ளே பச்சைத் தட்டு ஒன்று இருக்குமே, அதில் எந்தக் கம்பி எங்கே போகணும் என்கிற படம். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அந்தப் படம் எதையும் நாங்கள் பார்த்ததில்லை. ஒருநாள் ஆவல் தாங்காமல் கேட்டேன்.

“காட்டக் கூடாது தம்பி. சம்பளம் வாங்கிக்கிட்டு வரையிறேன்ல, வரைஞ்ச கை என்னோடது, படம் கம்பெனியோடது. எங்க வீட்டுக்காரருக்கே காட்டுனதில்ல.” அப்படிச் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. உடனே தலையை ஆட்டிக்கொண்டார். “அதான் ஞாயித்துக்கெழம வரையிறத மட்டும் ஊருக்கே காட்டுறது!”

எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. பி.எட். படிக்கிற பெண் ஒருத்தி தடிமனான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து முழுசும் ஜெராக்ஸ் போடச் சொன்னாள். நல்ல வேலை வந்ததே என்று நான் மெஷினைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். ஆதார் கார்டு நகல் எடுக்க வந்து நின்றிருந்த அக்கா, “முழுப் புத்தகமுமா?” என்றார்.

“ஆமாங்க.”

“எழுதுனவரு போட்டுக்கலாம்னு சொல்லியிருக்காரா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “போடக் கூடாதுன்னும் சொல்லலையேங்க” என்றேன்.

“அப்படி இல்ல. ஒண்ணும் சொல்லலைன்னாலே கூடாதுன்னுதான் அர்த்தம். எழுதுன நிமிஷத்துலேருந்து அது எழுதுன ஆளுக்குச் சொந்தம். அவரு எங்கயும் போயிப் பதிய வேண்டியதில்ல. ஒங்க வீட்டுக் கதவுல ‘வரக் கூடாது’ன்னு எழுதிப் போட்டிருக்கீங்களா? அதுக்காக யாரு வேணா உள்ள வந்துருவாங்களா?” என்றவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, “படிக்கிறதுக்கு வேண்டிய நாலு பக்கம் எடுத்துக்கம்மா, அது தப்பில்ல. முழுசா எடுத்தா அவரு எதுக்கு எழுதணும்?” என்றார். பெண் நாலு பக்கத்தோடு போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆதார் கார்டைத் தலைகீழாக வைத்து அமுக்கினேன்.

பிற்பாடு, அக்கா தன் சொந்தப் படங்களை ஊரெல்லாம் விநியோகிக்கிற ஆள் என்று தெரிந்ததும் விடாமல் பிடித்துக்கொண்டேன். “ஒங்க படத்த மட்டும் எல்லாருக்கும் அள்ளி விடுறீங்க. அந்தப் புத்தகத்துக்கு மட்டும் அன்னைக்கு அத்தனை நியாயம் பேசுனீங்களே?”

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “என்னோடத நான் குடுக்கலாம். அவரோடத நான் எப்படிக் குடுக்குறது?”

நான் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்தும் பயனில்லை. அதன் கண்ணாடியில் கடுகளவு ஒரு தெறிப்பு இருந்தது. எந்தப் பேப்பரை வைத்து எடுத்தாலும் அதே இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி விழும். கண்ணாடியையே மாற்றணும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டதால் நானும் இதோ அதோ என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். என் கடையில் எடுத்த ஜாதகத்திலெல்லாம் ஒரு கிரகம் கூடுதலாக இருக்கிறது என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். நான் சண்டைக்குப் போவேன்.

இனி பொட்டிக் கதை.

என் உடன்பிறந்த அக்காளைக் கட்டிக்கொடுத்தது கட்டுமாவடியில். மச்சானுக்கு ஃபைபர் படகு. ஒருநாள் டவுனுக்கு வந்தவர் என் கடையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் படகிலேயே கண்ணசந்துவிடுவார்களாம். அடியில் எங்காவது விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறினால், முதுகு நனைகிறபோதுதான் தெரியுமாம். பக்கத்துப் படகு ஒன்று அப்படிப் பாதி மூழ்கிய பிறகுதான் ஆட்கள் விழித்தார்களாம். “முதுகு நனையறதுக்கு முன்னாடி எழுப்பிவிட ஒரு நாதி இல்ல மாப்ள” என்றார்.

கவுண்டரில் பென்சிலால் ஏதோ கிறுக்கிக்கொண்டு நின்ற எதிர்வீட்டு அக்கா நிமிர்ந்தார். “நான் எழுப்புறேங்க!”

மச்சான் பயந்தே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொட்டி தயார். ஊறுகாய் போட்டு வைக்கிற, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பா. கீழே இரண்டு எவர்சில்வர் பட்டைகள், உள்ளே கொஞ்சம் சாமான், ஒரு பேட்டரி, பைக் ஹார்ன்போலக் கத்துகிற ஒன்று. தண்ணீர் இரண்டு பட்டையையும் தொட்டால் போதும், அலறும். பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பொத்தான். அமுக்கினால் உள்ளே குட்டி விளக்கு எரியும். அவ்வளவுதான். என் கடை வாசலில் வாளித் தண்ணீரில் முக்கியதும் அது போட்ட சத்தத்தில் டவுன் பஸ் டிரைவர் பிரேக் அடித்து இறங்கிவந்து என்னைத் திட்டினார். அக்காவும் மச்சானும் அவரை வைத்துக்கொண்டே இன்னொரு தடவை முக்கினார்கள்.

படத்தைச் சுத்தமாக வரைந்து, அடியில் தன் வழக்கப்படி எழுதினார்: ‘பார்க்கலாம். செய்யலாம். விற்கலாம். மாற்றலாம். மாற்றினால் அதையும் இப்படியே எல்லோருக்கும் காட்டணும். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லணும்: திருக்கோகர்ணம்.’

“ஒங்க பேரப் போடுங்கக்கா” என்றேன்.

“பேரப் போட்டா என்னயத் தேடி வருவாங்க. ஊரப் போட்டா ஊருக்கு வருவாங்க. நமக்கு பஸ்ஸாச்சும் கூட வரும்” என்று சிரித்தார். எங்கிருந்து எடுத்தது என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைக்கூடக் கொடுத்தவர்தான் சொல்லணுமாம். அந்த உரிமையையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நான் கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் போட்டேன். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒட்டினோம். ஆனால் கட்டுமாவடியில் யாரும் பேப்பரைத் தேடவில்லை. மச்சானுடைய பொட்டியைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரர் ஒன்று செய்தார், அதைப் பார்த்து இன்னொருவர். மூடிதான் கண்ணாடிபோலத் தெரிகிறதே, உள்ளே எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும். அலை தெறிக்கிறபோதெல்லாம் வீணாகக் கத்துகிறது என்று ஒருவர் பட்டைகளைச் சுற்றி ஓட்டை போட்ட பைப் ஒன்றை மாட்டிவிட்டார். மச்சான் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். அக்கா அன்றைக்கும் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

“எனக்குத் தோணவே இல்ல தம்பி! பைப்பு! ஓட்ட போட்ட பைப்பு! கடல்ல இருக்குறவங்களுக்குத்தானே தெரியும்!” என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். தன் படத்தை இன்னொருவர் திருத்தினால் யாருக்கும் கோபம்தான் வரும் என்று நினைத்திருந்தேன். இவருக்கு லாட்டரி விழுந்ததுபோல முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு அவரை அப்படிப் பிடித்துப் போனது.

கொஞ்ச மாதம் கழித்து மச்சானிடமிருந்து போன் வந்தது. கத்துகிறார், அழுகிறார், எதைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது படகில் தண்ணீர் ஏறியிருக்கிறது. பொட்டி வாயே திறக்கவில்லை. பக்கத்துப் படகிலிருந்து யாரோ பார்த்துக் கூவியதால் தண்ணீரை இறைத்துத் தப்பித்துக் கரைக்கு வந்திருக்கிறார்கள்.

“பொட்டியே ஏமாத்து மாப்ள! எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். இனிமே எந்தப் பொட்டியும் எந்தப் படகுலயும் ஏறாது!”

“அக்கா செஞ்சு குடுத்த பொட்டியா மச்சான்?”

“அதக் கழட்டியாச்சே. இது புதுப் பொட்டி. ஒருத்தரு வந்து வித்தாரு. கறுப்பு டப்பா, மூடி ஒட்டி சீல் வச்சிருக்கும். இத அவருதான் கண்டுபிடிச்சாராம். காப்பு கட்டியாச்சு, இனிமே யாரும் சொந்தமாச் செய்யக் கூடாது, வச்சிருந்தாலும் கேசு வரும்னாரு.”

“காப்பு கட்டியாச்சா?”

“காப்பு... என்னமோ காப்புரிமையாம். காப்பு கட்டிட்டா கட்டுப்பாடு உண்டுல்ல மாப்ள? அதான் பழசையெல்லாம் கழட்டிக் கோயில் மண்டபத்துல வச்சுட்டோம்.”

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டிப் போய்த் தங்க மாட்டார்கள், புதுக் காரியம் எதுவும் தொடங்க மாட்டார்கள். அந்தப் பயபக்தியில் நல்ல பொட்டிகளை எல்லாம் சாமி முன்னால் அடுக்கிவிட்டு, வந்தவன் விற்றதை வாங்கிப் படகில் மாட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். எதற்கும் துள்ளுகிறவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொட்டியைத் திருடிவிட்டானே என்று அவர் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“இனிமே எந்தப் பொட்டியும் ஏறாதுன்னா சொன்னாங்க? அப்ப எல்லாரும் தூங்கிக்கிட்டு இருப்பாங்களே தம்பி.”

மறுநாள் காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு அக்காவோடு பஸ் ஏறினேன். அறந்தாங்கியில் மாறி உட்கார்ந்ததும் பாடம் ஆரம்பித்தார். வாயைத் திறந்து சொல்லாவிட்டால் அவருக்கு உட்காரவே முடியாது. “பதிப்புரிமை வேற, காப்புரிமை வேற தம்பி. படம் வரைஞ்சா, கதை எழுதுனா, பதிப்புரிமை தானா வந்துரும். புதுசா ஒரு பொருளக் கண்டுபிடிச்சா, எழுதிப் போட்டு, அவங்க பாத்து, சரின்னு குடுக்கணும். அது காப்புரிமை. ஊரே பாத்து ஊரே செஞ்சுக்கிட்டு இருக்கிறத ஒருத்தரு புதுசுன்னு சொல்லி வாங்க முடியாது. அதுக்குத்தான் நாம பஸ் ஸ்டாண்ட்ல ஒட்டுனது!” எனக்குப் பாதி புரிந்தது. முன் சீட்டுக்காரருக்கு முழுதும் புரிந்துவிட்டதுபோல, திரும்பித் திரும்பித் தலையாட்டினார்.

கட்டுமாவடியில் மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் கூட்டம் கூடியிருந்தது. கறுப்புப் பொட்டி விற்றவரையும் வரவழைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஒரு அட்டை. மச்சான் அவரை அடிக்காமல் வைத்திருந்ததே பெரிய விஷயம்.

“பேட்டரி மட்டமா இருந்திருக்கும்ங்க. பொட்டி என் சொந்தத் தயாரிப்பு, நானே உக்காந்து கண்டுபிடிச்சது. தப்பு வர வாய்ப்பே இல்ல” என்றார் அவர்.

அக்கா மச்சானைப் பார்த்தார். “பொட்டி ஒங்களோடதுங்களா?”

“ஆமாங்க, நான் வாங்குனதுதான்.”

“ஒடைக்கலாங்களா?”

அத்தனை பேர் கொதித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் இவர் அனுமதி கேட்கிறார்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

“ஒடைச்சா கேரண்டி போயிரும்” என்றார் சட்டைக்காரர்.

“ஆளே போகப் பாத்தோம்” என்று சொல்லிக்கொண்டு மச்சான் ஒரு கல்லை எடுத்து ஒரே போடாகப் போட்டார். மூடி தெறித்தது.

அக்கா மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உள்ளே இருந்த தட்டைத் துடைத்து, கைப்பையிலிருந்து புதுப் பேட்டரி ஒன்றை எடுத்து மாட்டினார். குட்டி விளக்கு எரிந்தது. பொத்தானை யாரும் அமுக்கவில்லை. விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பாத்தீங்களா?” என்றார் அக்கா. அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. “பொத்தான அமுக்குனாத்தான் இது எரியணும். இது ராவும் பகலும் எரிஞ்சு பேட்டரியத் தின்னுருக்கு. கறுப்பு டப்பாக்குள்ள இருந்ததால ஒருத்தருக்கும் தெரியல. ஊறுகா டப்பாவா இருந்தா அன்னைக்கே பாத்திருப்பீங்க!”

கம்பிகளை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாண்டிப் போக வேண்டிய இடம். அங்கே இரண்டையும் சேர்த்து ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. அக்கா நிமிர்ந்து சட்டைக்காரரிடம், “இத ஏங்க இங்க ஒட்டுனீங்க?” என்று நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆவலில் கேட்டார்.

அவர் சட்டென்று, “படத்துல புள்ளி இருக்கேங்க!” என்றார்.

சர்க்யூட் படத்தில் இரண்டு கோடு தாண்டுகிற இடத்தில் புள்ளி இருந்தால் இரண்டையும் ஒட்டணும் என்று அர்த்தமாம். புள்ளி இல்லையென்றால் ஒட்டக் கூடாதாம். இதெல்லாம் எனக்கு அப்புறம் சொல்லித்தான் தெரியும். ஆனால் புள்ளி என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“எந்தப் படத்துலங்க?” என்றார் அக்கா.

சட்டைக்காரருக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. அக்கா பையிலிருந்து இரண்டு பேப்பரை எடுத்தார். ஒன்று அவர் கையால் வரைந்தது, அதில் புள்ளி கிடையாது. இன்னொன்று என் கடை ஜெராக்ஸ், பஸ் ஸ்டாண்டில் ஒட்டியது. இரண்டு கோடு தாண்டுகிற அதே இடத்தில், கடுகு மாதிரி, கறுப்பாக, அழகாக என் புள்ளி.

“நம்ம மெஷினு!” என்று நான் கத்தினேன். “மச்சான், அது நம்ம கண்ணாடி! தெறிப்பு! நம்ம புள்ளி!” அக்கா மணலில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஷயம் விளங்க விளங்கக் கொட்டகை முழுவதும் சிரிப்பு பரவியது. தானே உட்கார்ந்து கண்டுபிடித்தவர் என் கண்ணாடித் தெறிப்பையும் சேர்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்! காப்புரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறாரா என்று ஒருவர் கேட்டதற்கு, இனிமேல்தான் போடணும் என்று முனகினார்.

சிரிப்பு அடங்கியதும் மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா குறுக்கே போய் நின்றார். “அடிக்கக் கூடாதுங்க. அவரு விக்கட்டும்.”

“விக்கவா? என்னக்கா பேசுறீங்க?”

“விக்கலாம்னு நான்தானே எழுதியிருக்கேன். வித்தது தப்பில்லங்க. மூடுனது தப்பு. தன்னோடதுன்னு சொன்னது தப்பு. ஒங்களயெல்லாம் செய்யக் கூடாதுன்னு மெரட்டுனது பெரிய தப்பு.” பிறகு சட்டைக்காரரிடம் போய், பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல, “அடியில எழுதியிருக்கிறதப் படிச்சீங்களா?” என்றார்.

“படம் மட்டும்தாங்க பாத்தேன்.”

“இப்பப் படிங்க. சத்தமா.”

அவர் படித்தார். பார்க்கலாம், செய்யலாம், விற்கலாம், மாற்றலாம் என்று அவர் வாயாலேயே கேட்டபோது கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “அப்ப பழச எடுத்து மாட்டலாங்களாக்கா?” என்றார். “மாட்டுங்க! மாட்டுங்க!” என்று அக்கா இரண்டு கையையும் ஆட்டினார். கோயில் மண்டபத்தை நோக்கி ஆட்கள் ஓடினார்கள். அன்று மதியத்துக்குள் எல்லாப் படகிலும் ஊறுகாய் டப்பா ஏறிவிட்டது. ஒவ்வொருவரும் தண்ணீரில் முக்கிப் பார்க்க, கரை முழுவதும் ஒரே அலறல். என் உடன்பிறந்த அக்காள் காதைப் பொத்திக்கொண்டு, மீன் குழம்பு கொதிக்கிற அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று சிரித்தாள். அத்தனை சந்தோஷமான இரைச்சலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சட்டைக்காரர் அதற்குப் பிறகும் பொட்டி விற்றார். உள்ளே தெரிகிற மூடி போட்டு, ‘திருக்கோகர்ணம்’ என்று எழுதி விற்றார். மச்சானே இன்னொன்று வாங்கினார்.

வெட்கத்தில் நான் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியை மாற்றினேன். பளிச்சென்று விழுந்த முதல் பேப்பரைப் பெருமையாக அக்காவிடம் நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புள்ளி எங்க தம்பி?”

“மாத்தியாச்சுக்கா!”

“அட, ஏன் மாத்துனீங்க?” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். பேனாவை எடுத்து, பைப்பையும் சேர்த்துப் புதிதாக வரைந்த படத்தின் மூலையில், ஒரு கோடும் போகாத வெற்றிடத்தில், கடுகளவு புள்ளி ஒன்று வைத்தார். “இங்க இருந்தா யாருக்கும் தொந்தரவில்ல. ஒங்களுக்கும் ஒரு பங்கு இருக்குல்ல” என்றார். அதற்கப்புறம் அவர் வரைந்த எல்லாப் படத்திலும் அந்த மூலைப் புள்ளி இருக்கும்.

பிறகு அவர் வீட்டுக்காரருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று குடையைக் கேட்டில் மாட்டிவிட்டுத்தான் லாரியில் ஏறினார். அடுத்த மழையில் அதை யாரோ எடுத்துப் போனார்கள். மழை இன்னும் விடவில்லைபோலிருக்கிறது.

போன மாதம் மச்சான் வேலைக்காகக் கேரளப் பக்கம் போயிருந்தார். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு படகில், நாங்கள் கனவிலும் நினைக்காத மாதிரி, சோலார் தகடெல்லாம் வைத்த பொட்டி. மூடி வழியாக உள்ளே இருப்பது அத்தனையும் தெரிந்தது. மூடியில் ஒட்டியிருந்த படத்தில் எல்லாம் மலையாள எழுத்து. உடனே அதை அக்காவுக்கு அனுப்பினேன். “தம்பி! சோலாரு! சோலாரு!” என்று குரல் பதிவில் கத்தியிருந்தார். பின்னால் ஓசூர் வண்டிகளின் ஹார்ன் சத்தம்.

அதற்குள் மச்சான் போன் அடித்தார்.

“மாப்ள, மூலையப் பெருசு பண்ணிப் பாத்தியா?”

பெரிதாக்கினேன். மூலையில், வெற்றிடத்தில், கவனமாக வட்டம் வரைந்து மை தீற்றிய புள்ளி. பக்கத்தில் ஒரு அம்புக்குறி, இரண்டு வரி.

“என்ன மச்சான் எழுதியிருக்கு?”

“படகுக்காரரு படிச்சுக் காட்டுனாரு. ‘இந்தப் புள்ளி எதுக்குன்னு எங்களுக்குத் தெரியல. நாங்க எடுத்த படத்துல இருந்துச்சு, அதனால அப்படியே விட்டிருக்கோம்’னு போட்டிருக்காம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், கவலைப்படவில்லை.

“படகுக்காரரு எங்கிட்ட கேக்குறாரு மாப்ள, இது என்ன புள்ளின்னு” என்றார் மச்சான். அன்று கையை மடித்துக்கொண்டு அடிக்கப் போன அதே மச்சான். குரலைத் தழைத்துக்கொண்டு கேட்டார்: “சொல்லலாமா?”

“சொல்லலாம் மச்சான். ஊரச் சொல்லுங்க. பேரு மட்டும் வேண்டாம்” என்றேன்.